நாலு வயதுப் பெற்றோர்

புங்கங்காட்டுப் புதூர்க் குழந்தையம்மாளுக்கு இருபத்தேழு வயதும் அவள் மகள் வள்ளியாத்தாளுக்கு நாலு வயதும் நடந்துகொண்டிருந்த 1961ஆம் வருஷத் தை மாதத்தில், பெற்றோர்களுக்குத் தங்கள் குழந்தைகளிடம் பேசத் தெரியவில்லை என்பது அரசாங்கத்துக்குத் தெரியவந்தது. உடனே ஒரு திட்டம் வந்தது. 'பெற்றோரே முதலாசிரியர்' என்று அதற்குப் பெயர். செங்காட்டூர் பிளாக் ஆபீசில் திட்டத்துக்கென்று ஓர் அறை ஒதுக்கினார்கள். அங்கே இருந்த பூச்சிமருந்து டின்களை வராந்தாவுக்கு மாற்றிவிட்டு, சென்னகேசவன் என்ற விரிவாக்க அதிகாரியை உட்காரவைத்தார்கள். அவர் அதுவரை கோழி வளர்ப்புப் பிரிவில் இருந்தவர். இரண்டு வேலைக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்றும், இரண்டிலும் முதல் ஆறு வாரம்தான் முக்கியம் என்றும் அவர் நண்பர்களிடம் சொன்னார்.

முதல் வேலை கணக்கெடுப்பு. அதற்கு நஞ்சப்பன் என்ற குமாஸ்தா சைக்கிளில் கிளம்பினார். மக்கள் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும், சொந்த மூளையைச் செலுத்தித் திருத்தக் கூடாது என்று அவருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பயிற்சி அவருக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

அவர் வந்தபோது குழந்தையம்மாள் ஒரு கவுண்டர் தோட்டத்துப் பருத்திக் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் அங்கப்பன் கிணறு வெட்டுகிறவன். வாரம் முழுக்க எந்த ஊரிலாவது பாறை உடைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். அதனால் அவள் மகளைக் காட்டுக்குக் கூட்டிவந்துவிடுவாள். தாயும் மகளும் காலையில் ஆரம்பித்த பேச்சு பொழுது சாயும்வரை ஓயாது. "இது வெடிச்சது. இது நாளைக்கு வெடிக்கும். இதுக்குள்ள புழு இருக்குது, தொடாதே. மடியில எத்தனை இருக்குது, எண்ணு பாக்கலாம்" என்று அவள் சொல்ல, வள்ளி எண்ணுவாள். முப்பதுக்கு மேல் போனால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். "புழுவுக்கு அம்மா இருக்குதா?" என்று கேட்பாள். "இருக்கும். அது பக்கத்துக் காட்டுக்கு வேலைக்குப் போயிருக்குது" என்பாள் குழந்தையம்மாள்.

நஞ்சப்பன் வரப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாரத்தை விரித்தார். அன்றைக்கு அது பத்தொன்பதாவது பாரம்.

"அம்மிணி, குழந்தை பேரு?"

"குழந்தையம்மாளுங்க" என்றாள் அவள். அவள் பேரைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

நஞ்சப்பன் எழுதினார். "பெத்தது?"

"வள்ளியாத்தாளுங்க. இத்தா, இவதான்."

அதையும் எழுதினார். "வயசு சொல்லுங்க."

"எனக்கு இருவத்தேழு. இவளுக்கு நாலுங்க."

குழந்தை என்ற கட்டத்தில் இருபத்தேழும், பெற்றோர் என்ற கட்டத்தில் நாலும் விழுந்தன. நஞ்சப்பனின் பேனா ஒரு கணம் நின்றது. பயிற்சி ஞாபகம் வந்தது. மேலே போனார்.

"ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் பேசிக்கறீங்க, ரெண்டு பேரும்?"

"வாயே மூடறதில்லீங்க."

"நிமிஷக் கணக்காச் சொல்லோணும்."

"அதெப்படிங்க சொல்றது?"

'பேசுவதற்கென்று நேரம் ஒதுக்கப்படவில்லை' என்று எழுதிக்கொண்டார். அங்கப்பனுக்குப் பாரத்தில் கட்டம் இல்லை. கடைசியில் 'வீட்டில் உள்ள இதரர்' என்ற இடத்தில் ஒன்று என்று போட்டார்.

பாரம் பிளாக் ஆபீசுக்குப் போனது. பிளாக் ஆபீசில் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கவனித்தார்கள். திட்டத்தில் சேரும் குழந்தைக்கு அதிகபட்ச வயது ஐந்து என்பது விதி. இந்தக் குழந்தைக்கு இருபத்திரண்டு வயது அதிகமாக இருந்தது. கோப்பு மேலே போய், 'கிராமப்புறத்தின் பின்தங்கிய நிலையை முன்னிட்டு வயது வரம்பு இருபத்திரண்டு ஆண்டுகள் தளர்த்தப்படுகிறது' என்ற உத்தரவோடு இறங்கி வந்தது. பெற்றோருக்கு நாலு வயது என்பதில் சிக்கலே இல்லை. பெற்றோருக்கு வயது வரம்பு எதுவும் விதியில் சொல்லப்படவில்லை.

மாசி மாதம் தபால்காரர் இரண்டு கடிதங்கள் கொண்டுவந்தார். அவரே பிரித்துப் படித்தும் காட்டினார். முதல் கடிதம் 'பெற்றோர் திருமதி வள்ளியாத்தாள் அவர்களுக்கு'. பங்குனி பத்தாம் தேதி முதல் மூன்று நாள் பவானியில் ஒரு சத்திரத்தில் பெற்றோர் பயிற்சி முகாம் நடக்கும். பயிற்சி கெடும் என்பதால் குழந்தைகளை உடன் அழைத்து வரக் கூடாது. முகாமுக்கு வராத பெற்றோரின் குழந்தைகள் கவனிப்பாரற்றவர்களாகக் கருதப்பட்டு அரசு இல்லத்துக்கு அனுப்பப்படுவார்கள். இரண்டாவது கடிதம், குழந்தை குழந்தையம்மாள் தினமும் காலை எட்டு மணிக்குச் சாவடியில் நடக்கும் பாலர் நிலையத்துக்கு வந்து எடை பார்த்துக்கொண்டு ஒரு டம்ளர் பால் குடிக்க வேண்டும் என்றது.

"ஏனுங்க, அப்ப என்ற புள்ள தனியாப் பவானிக்குப் போகோணும்னா சொல்லியிருக்குது?"

"ஆமாம். போகலீன்னா உன்னைய இல்லத்துக்குக் கொண்டுபோயிருவாங்களாம்" என்றார் தபால்காரர். படித்த மனிதர் ஆகையால் அவர் குரலில் சந்தேகம் இல்லை.

குழந்தையம்மாள் சிரித்தாள். கடிதத்தின் அடியில் இருந்த ஊதா முத்திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நடக்கத் தெரிந்த பிறகு வள்ளியை அவள் இடுப்பில் தூக்கியதில்லை.

மறுநாள் காலை அவள் சாவடிக்குப் போய்ப் பார்த்தாள். பாலர் நிலையத்தைப் பத்மாவதி என்ற சேவிகா நடத்தினாள். தெலுங்கு வீட்டுப் பெண், கோயமுத்தூரில் படித்தவள், நல்லவள். குழந்தைகளைத் தொட்டிலில் உட்காரவைத்து நிறுக்கும் தராசு ஒன்று அவளிடம் இருந்தது. குழந்தையம்மாள் தொட்டிலில் கொள்ளவில்லை. பத்மாவதி அவளை நெல் நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்து, தொண்ணூற்றெட்டு பவுண்டு என்று குறித்துக்கொண்டாள். அந்த மாதம் செங்காட்டூர் பிளாக்கில் குழந்தைகளின் சராசரி எடை ஏறிவிட்டதாகவும், பால் பவுடர் நன்றாக வேலை செய்வதாகவும் சென்னைக்கு அறிக்கை போயிற்று. சென்னையிலிருந்து பாராட்டு வந்தது.

"அம்மா, எனக்கு எதுக்குங்க பாலு? இவ குடிக்கட்டும்" என்றாள் குழந்தையம்மாள்.

"அது முடியாதுங்க. குழந்தையோட பாலைப் பெத்தவங்க குடிச்சர்றாங்க, அதுதான் இந்த நாட்டோட பெரிய குறைன்னு எங்களுக்குக் கிளாஸ்ல தனியாச் சொல்லியே கொடுத்திருக்காங்க" என்று பத்மாவதி டம்ளரைக் குழந்தையம்மாள் கையில் வைத்தாள். வள்ளி டம்ளரைப் பார்த்தாள். பத்மாவதி வள்ளியைப் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த படம் கோணலாக இருக்கிறதென்று அதை நேராக்கத் திரும்பி நின்றாள். ரொம்ப நேரம் நேராக்கினாள். டம்ளர் காலியான பிறகுதான் திரும்பினாள். அன்றிலிருந்து தினமும் எட்டேகாலுக்குப் படம் கோணலாயிற்று.

முகாமுக்கு ஒரு வாரம் இருக்கும்போது குழந்தையம்மாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பிளாக் ஆபீசுக்கு நடந்தாள். ஆறு மைல். சென்னகேசவன் எழுந்து நின்று வள்ளிக்கு வணக்கம் சொன்னார். நாற்காலியையும் அவளுக்கே போட்டார். குழந்தையம்மாளுக்கு மேஜை டிராயரிலிருந்து ஒரு பெப்பர்மிண்டு எடுத்துக் கொடுத்தார்.

"சாமி, பேரு மாறிப்போச்சுங்க. நாந்தான் ஆத்தாக்காரி. இவ புள்ளைங்க."

"சொல்லு கண்ணு, சொல்லு. குழந்தைங்க பேசறதைப் பொறுமையாக் கேக்கோணும்கறது எங்க திட்டத்துல மூணாவது அம்சம்."

"என்னையப் பாத்தாத் தெரியலீங்களா?"

சென்னகேசவன் பெருமூச்சு விட்டார். கோபக்காரர் இல்லை. "தெரியுது. நீ பெரியவ, அது சின்னது. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒவ்வொரு ஆபீசரும் அவனவன் கண்ணால பாத்ததை நம்ப ஆரம்பிச்சா அப்புறம் ரெக்கார்டு எதுக்கு? நாளைக்கு இன்னொரு ஆபீசர் வருவார். அவர் கண்ணு வேற மாதிரி இருந்தா?"

"அப்ப எப்படிங்க மாத்தறது?"

"மனுக் கொடுக்கலாம். ஆனா நீ கொடுக்க முடியாது. குழந்தை சொல்றதைச் சாட்சியா எடுத்துக்க விதி இல்லே. பெத்தவங்கதான் கொடுக்கோணும்." அவர் வள்ளியைப் பார்த்தார். "கொடுக்கறீங்களா அம்மா?"

வள்ளி பெப்பர்மிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டினாள். நஞ்சப்பன் மனுவை எழுத, வள்ளியின் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து அடியில் ஒற்றினார்கள். ரேகை மிளகளவுக்கு விழுந்தது. மனுவுக்கு எண் போட்டார்கள். வரிசைப்படி விசாரணைக்கு வரும் என்றார்கள். வரிசையில் அதற்கு முன்னால் கோழிப்பண்ணைக் காலத்து மனுக்கள் இருநூற்றுப் பதினெட்டு இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த அங்கப்பன் எல்லாவற்றையும் கேட்டான். "போகலீன்னா என்ன பண்ணீருவாங்க?" என்றான்.

"என்னையக் கூட்டிட்டுப் போயிருவாங்களாம்."

"போனா?"

"அவ தனியா இருக்கோணும்."

பாறைக்கு வெடி வைக்கிறவன் அவன். எந்த இடத்தில் துளை போட்டால் பிளக்கும் என்று பார்த்துச் சொல்லிவிடுவான். கடிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் வைத்துப் பார்த்தான். "இதுல எங்கியும் துளை போட முடியாதாட்ட இருக்குதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். "ரெண்டு பேருமே போயிட்டு வாங்க. உள்ள விடாட்டி வாசல்ல நில்லு."

அப்படியே செய்தாள். பவானியில் ஜமக்காளம் நெய்யும் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கினார்கள். காலையில் சத்திரத்து வாசலில் நஞ்சப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெற்றோரை உள்ளே விட்டார், குழந்தையை நிறுத்திவிட்டார். குழந்தையம்மாள் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் வள்ளியின் உச்சந்தலை தெரிந்தது. வள்ளி திரும்பிப் பார்த்து, அம்மா இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, முன்னால் திரும்பி உட்கார்ந்தாள்.

உள்ளே முப்பத்தாறு தாய்மார்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். ஒருத்தி, பால்குடி மறக்காத பிள்ளையை நாத்தனாரிடம் விட்டு வந்ததில் ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். சென்னகேசவன் மேடை ஏறினார்.

"தாய்மார்களே! குழந்தையோடு பேசுங்கள். இதுதான் எங்கள் திட்டத்தின் உயிர். எப்படிப் பேசுவது என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். பேச்சைப் பதினேழு அம்சங்களாகப் பிரித்திருக்கிறோம். காலையில் பதினைந்து நிமிஷம், மாலையில் பதினைந்து நிமிஷம். அந்த முப்பது நிமிஷம் தவிர்த்து மற்ற நேரத்தில் பேசினால் பலன் கெட்டுவிடும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பேசியதை அன்றன்றே பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள், எழுதத் தெரிந்தவர் வரும்வரை பேசாமல் இருப்பது நல்லது.

"இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு மூன்று குழந்தைகள். இந்தத் திட்டம் வந்த நாளிலிருந்து நான் அவர்களைப் பார்க்கவே நேரமில்லாமல் உழைக்கிறேன். போன வாரம் வீட்டுக்குப் போனேன். என் கடைசிப் பையன் கதவைத் திறந்து, 'வாங்க சார், அப்பா ஊர்ல இல்லீங்க' என்று சொன்னான். எவ்வளவு மரியாதை பாருங்கள்! அந்த அளவுக்குப் பழக்கிவைத்திருக்கிறேன்."

தாய்மார்கள் கைதட்டலாமா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நஞ்சப்பன் வாசலிலிருந்து தட்டினார்.

இரண்டாம் நாள் கேள்வி பதில். குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. கவனத்தை வேறு பொருளின்மேல் திருப்ப வேண்டும் என்பது ஆறாவது அம்சம். அதைப் பலரும் ஒப்பித்தார்கள். வள்ளியின் முறை வந்தது. சென்னகேசவன் குனிந்து, "நீங்க சொல்லுங்க அம்மா. உங்க குழந்தை அழுதா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"எங்கம்மா அழுவாதுங்க" என்றாள் வள்ளி. கொஞ்சம் யோசித்தாள். "அப்பன் கெணத்துல ஒருத்தரு வெடியில செத்துப்போனாங்கன்னு சொன்னாங்கல்ல, அன்னைக்கு அழுதுச்சு. அப்பன் இல்லீங்க, வேற ஆளு. அது தெரிஞ்ச அப்பறமும் அழுதுச்சு."

"அப்ப என்ன பண்ணுனீங்க?"

"கிட்டப் போயி உக்காந்துக்கிட்டேன்."

"ஏதாச்சும் சொன்னீங்களா? பொம்மை, படம் ஏதாச்சும் காட்டுனீங்களா?"

"இல்லீங்க. சும்மா உக்காந்துக்கிட்டேன். நிறுத்தற வரைக்கும்."

ரவிக்கை நனைந்திருந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே குழந்தையம்மாள் கம்பியை விட்டுவிட்டுச் சுவரோரமாகக் கீழே உட்கார்ந்துவிட்டாள். மகள் திரும்பிப் பார்த்தால் தெரியாதபடி. அன்றைக்கு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது எதற்கென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

சென்னகேசவன் கொஞ்ச நேரம் வள்ளியையே பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். "விடை தப்பு. இருந்தாலும் முயற்சிக்காக அரை மார்க்" என்றார்.

மூன்றாம் நாள் சிறந்த பெற்றோருக்கான சான்றிதழ் கொடுத்தார்கள். வள்ளிக்குக் கிடைத்தது. மற்ற முப்பத்தாறு பேரும் மூன்று நாளும் வாசலையே பார்த்துக்கொண்டு, எப்போது விடுவீர்கள், பிள்ளை என்ன பண்ணுதோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். குழந்தையின் நினைப்பே இல்லாமல் பயிற்சியில் முழுக் கவனம் செலுத்திய ஒரே பெற்றோர் வள்ளியாத்தாள்தான் என்று சான்றிதழில் எழுதியிருந்தது.

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அங்கேதான் விஷயம் கடினமாயிற்று. புதூர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார், வெள்ளியங்கிரி. தலைமையாசிரியரும் அவரே. குழந்தையம்மாள் மகளை அழைத்துக்கொண்டு போய் நின்றாள்.

"ஒண்ணாப்புல சேத்திக்கோங்க சார். அஞ்சு நடக்குது."

வாத்தியார் பிளாக் ஆபீசு அனுப்பிய பட்டியலை எடுத்தார். "இவளைச் சேத்த முடியாது அம்மிணி. இவ பெத்தவன்னு பதிவு. சர்டிபிகேட்டு வேற வாங்கிப்போட்டா. பெத்தவங்களுக்கு முதியோர் கல்விதான். அதுக்குப் பதினெட்டு வயசு ஆகோணும்." விரலைப் பட்டியலில் கீழே நகர்த்தினார். "ஆனா உன்ற பேரு இருக்குது. நீ சேரலாம்."

"நானுங்களா?"

"முகாம் நடந்த நாள் போக, பாலர் நிலையத்துக்கு ஒரு நாள் தப்பாம வந்திருக்கற." அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. நாப்பது பேரு இல்லீன்னா பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவாங்க. முப்பத்தொன்பது இருக்குது. நீ சேந்துக்க. புதுசாச் சேர்ற குழந்தைக்குத் துணையாப் பெத்தவங்க கூட உக்காரலாம்னு விதியிருக்குது. இவளும் உக்காந்து கேட்டுக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

குழந்தையம்மாள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தாள். வருகைப் பதிவில் அவள் பேரைக் கூப்பிட்டால் முதலில் வெட்கமாக இருந்தது. நாலாம் நாளிலிருந்து "உள்ளேன் அய்யா" என்று உரக்கச் சொல்லப் பழகிவிட்டாள். வகுப்பில் எந்தப் பிள்ளை அழுதாலும் மூக்கு ஒழுகினாலும் அவளிடம்தான் வரும். ஒரு மணி நேரத்துக்குள் மடியில் மூன்று பேர் தூங்குவார்கள். வாத்தியாருக்கு முதன்முறையாக நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் கிடைத்தது.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. பிறகு நிலக்கடலைக் காட்டில் களையெடுப்பு வந்துவிட்டது. கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. வாத்தியாரிடம் போய் அழாத குறையாகச் சொன்னாள்.

"திட்டத்துல ஒரு விதி இருக்குது" என்றார் வாத்தியார். அதற்குள் அவரும் எல்லா விதிகளையும் படித்திருந்தார். "குழந்தையால வர முடியாத நாள்ல, பெத்தவங்க வந்து பாடத்தைக் கேட்டுட்டுப் போயி ஊட்டுல சொல்லிக்கொடுக்கலாம். நீ வேலைக்குப் போ. அவளை அனுப்பிவை."

அன்றிலிருந்து வள்ளி தனியாகப் பள்ளிக்கூடம் போனாள். அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தாள். அம்மா பேரைக் கூப்பிட்டபோது, "காட்டுக்குப் போயிருக்குதுங்க, நான் வந்திருக்கறேன்" என்றாள். பொழுது சாய்ந்து குழந்தையம்மாள் சோளச் சோறு ஆக்கும்போது, அடுப்பங்கரைத் தரையில் கரித்துண்டால் எழுதிக் காட்டினாள்.

"இது 'அ'. சுழிச்சு, வளைச்சு, கீழ கோடு. நீ எழுது."

"களைக்கொத்துப் புடிச்ச கை கண்ணு, வளைய மாட்டேங்குது."

"வளையும். நேத்து 'ட' நல்லா வந்துச்சுல்ல?"

'ட' நன்றாகத்தான் வந்திருந்தது. குழந்தையம்மாள் சோற்றைக் கிளறிவிட்டு மறுபடி கரித்துண்டை எடுத்துக்கொண்டாள். தப்பாக எழுதினால் வள்ளி திட்டமாட்டாள். "இது நாளைக்கு வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவாள். ஐப்பசி முடிவதற்குள் குழந்தையம்மாளுக்கு உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் வந்துவிட்டன. மார்கழியில் தன் பேரை எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை அங்கப்பனைத் தரைக்கு முன்னால் நிறுத்திக் காட்டினாள். "உன்ற பேரும் எழுதட்டுமா?" என்றாள். அவன் பேரில் 'ப்'புக்குப் புள்ளி விட்டுப்போயிற்று. வள்ளி வைத்தாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. வள்ளியின் மனு விசாரணைக்கு வந்திருந்தது. சென்னகேசவன், நஞ்சப்பன், பத்மாவதி மூவரும் இறங்கினார்கள். அங்கப்பன் கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டான்.

"மனுதாரர் வள்ளியாத்தாள்" என்று சென்னகேசவன் கோப்பை விரித்தார். "பெற்றோர் குழந்தை பெயர்கள் மாறிவிட்டன என்பது மனு. திட்டத்தில் பெற்றோர் என்றால் யார் என்று தெளிவாக விளக்கம் இருக்கிறது. வீட்டில் கற்றுக்கொடுப்பவர் பெற்றோர், கற்றுக்கொள்பவர் குழந்தை. ஆகையால் ஒரே கேள்விதான். இந்த ஊட்டுல யாரு யாருக்குச் சொல்லிக்கொடுக்கறது?"

பத்மாவதி குழந்தையம்மாளைப் பார்த்துக் கண்ணால் சாடை காட்டினாள். அங்கப்பன், "சொல்லு. நீதான்னு சொல்லு, முடிஞ்சுது" என்று முணுமுணுத்தான்.

அது சுலபம். பொய்யும் இல்லை, இத்தனை வருஷமாகப் பேசியதெல்லாம் சொல்லிக்கொடுத்ததுதானே. ஒரு வார்த்தை சொன்னால் வருகிற ஆனியில் மகள் தன் பேரிலேயே பள்ளிக்கூடத்தில் உட்காரலாம். குழந்தையம்மாள் வாயைத் திறந்தாள். வள்ளி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். விரல் பத்திலும் கரி. ஏழு மாதமாகத் தினமும் சொல்லிக்கொடுத்தது யார் என்பதை இப்போது பெரியவர்கள் முன்னால் அம்மா சொல்லப்போகிறாள் என்று முகம் விரியக் காத்திருந்தாள்.

"இவதானுங்க எனக்குச் சொல்லிக்கொடுக்கறா" என்றாள் குழந்தையம்மாள்.

அங்கப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். சென்னகேசவன் எழுந்து நின்றார். "எழுதிக் காட்டு கண்ணு!"

கரித்துண்டை எடுத்துத் தன் பேரைச் சுவரில் எழுதினாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. "பத்மாவதி, நம்ம பிளாக்குல எண்ணூறு குடும்பம். எண்ணூறுல இந்த ஒரு பெத்தவங்கதான் குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. இந்த ஒண்ணு போதும். நம்ம திட்டம் ஜெயிச்சிருச்சு!" நஞ்சப்பனிடம் திரும்பினார். "எழுதுங்க. நேரில் விசாரித்ததில் பதிவில் பிழை ஏதும் இல்லை. மனு முடிக்கப்பட்டது."

பத்மாவதி ஜீப்பில் ஏறுமுன் குழந்தையம்மாளின் கையைப் பிடித்தாள்.

ஜீப் போன பிறகு அங்கப்பன் கோபமாகக் கேட்டான். "ஏன் அப்படிச் சொல்லிப்போட்ட?"

"அவ மூஞ்சியப் பாத்தீல்ல?" என்றாள். அவன் பார்த்திருந்தான்.

திட்டம் வெற்றி என்ற அறிக்கை சென்னைக்குப் போயிற்று. நோக்கம் நிறைவேறிவிட்டபடியால் பங்குனிக் கடைசியோடு திட்டத்தை முடித்துக்கொள்ளும்படி பதில் வந்தது. சென்னகேசவனுக்குப் பதவி உயர்வு கிடைத்து மீன் வளர்ப்புக்கு மாற்றலானார். பூச்சிமருந்து டின்கள் வராந்தாவிலிருந்து மறுபடி அறைக்குள் போயின. பதிவேடுகள் வராந்தாவுக்கு வந்தன. அந்த வருஷக் கோடை மழை முன்னதாகவே பெய்தது, வராந்தாவுக்குள்ளும்.

ஆனி மாதம் குழந்தையம்மாள் மகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் மறுபடி நின்றாள். என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே போனாள். வெள்ளியங்கிரி வாத்தியார் அவளுக்கு ஒரு மாற்றுச் சான்றிதழை நீட்டினார். ஒன்றாம் வகுப்புத் தேர்ச்சி, நன்னடத்தை, விலகும் காரணம் குடும்பப் பொறுப்பு என்று எழுதியிருந்தது.

"திட்டம் போயிருச்சு அம்மிணி. இனி நீ குழந்தையும் இல்லே, அவ பெத்தவளும் இல்லே. புதுசாச் சேத்திக்கலாம். மத்த ஊட்டுப் புள்ளைகளாட்ட" என்று சேர்க்கைப் பாரத்தை எடுத்து, பேனாவை மையில் தொட்டார். "சொல்லு. குழந்தை பேரு?"

குழந்தையம்மாள் கையை நீட்டினாள். "குடுங்க சார். நானே எழுதிக்கறேன்."

வாத்தியார் பேனாவைக் கொடுத்தார். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாரத்தை மடியில் வைத்து எழுதினாள். கரியால் எழுதிப் பழகியவள் ஆகையால் எழுத்துகள் பெரிது பெரிதாக விழுந்தன. 'வள்ளியாத்தாள்' கட்டத்துக்குள் அடங்காமல் பிறந்த தேதிவரை போயிற்று. வள்ளி பக்கத்தில் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிலும் தப்பு இல்லை.

பெற்றோர் பெயர் என்ற கட்டம் வந்தது. அதில் 'அம்மா' என்று எழுதிப் பாரத்தை நீட்டினாள்.

"பேரு எழுதோணும் அம்மிணி."

"வேண்டாமுங்க" என்றாள் குழந்தையம்மாள். "பேரை எழுதுனா மறுக்காவும் என்னையப் புள்ளையாக்கிப் போடுவாங்க. இது யாருக்கும் தப்பாகாதுங்க."

வெள்ளியங்கிரி வாத்தியார் அந்த மூன்று எழுத்தையும் பார்த்தார். பிறகு மையொற்றுத் தாளை எடுத்து அதன்மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார்.